குங்கிலியம் கறுக்காது

நம் கல்கத்தாத் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஓர் அனுபவக் கட்டுரை கொடுங்கள் என்று செயலாளர் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்பு படித்தவன் என்ன எழுதுவது என்று தட்டிக் கழித்து வந்தேன். போன மாதம் நான் வேலை பார்த்த லேபிலிருந்து இரண்டு இளம் இன்ஜினியர்கள், ஒரு பெண்ணும் ஓர் ஆணும், காளிகாட்டில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். அவர்கள் வந்து போன பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று அளப்பதுதான் எங்கள் வேலை. என் காலத்தில் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய் யார் வீட்டு மொட்டைமாடியிலாவது வைத்து, பக்கத்திலேயே காவல் கிடந்து, தாளை மாற்றி, லேபுக்குக் கொண்டுவந்து எடை போடுவோம். நான் அப்படி அளந்த, கடலோரத்தில் ஆலைகள் நிறைந்த ஓர் ஊரில் இப்போது ஏசி போட்ட கூண்டு ஒன்று நிற்கிறதாம். அதுவே காற்றை இழுத்து, அதுவே அளந்து, ரோட்டோரப் பலகையில் எண்ணைக் காட்டுகிறதாம். பழைய நாளில் அங்கே எப்படி வேலை நடந்தது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்ல ஒரு குறிப்பு தயாரிக்கிறார்களாம்.

அந்தப் பெண் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "சுப்புதா, தபன்தா கேஸுன்னு எல்லாரும் சொல்றாங்களே, நீங்க பக்கத்துல இருந்து பார்த்தீங்களாமே. அதைச் சொல்லுங்களேன்" என்றாள்.

"தபன் கேஸா? அப்படிப் பேரு வச்சது யாரு?"

"ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"பக்கத்துல இருந்து பார்த்தேனா? அம்மா, அந்தக் கேஸை ஜெயிச்சதே நான்தான்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவர் ஏதோ சொல்கிறார் என்கிற பார்வை. அவர்கள் படியிறங்கியதும் என் மனைவி கோமதி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "ரிட்டையர் ஆயி எத்தன வருஷம் ஆச்சு, இன்னும் தபன் பேரக் கேட்டா மூஞ்சி இப்பிடிப் போவுதே! அந்தப் புள்ளைங்க காபியக்கூட முழுசாக் குடிக்கல. பொறாம, வேற என்ன?" என்றாள்.

பொறாமைதான். இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? ஆனால் அந்தப் பொறாமை செய்த வேலையைத் தபனுடைய சிரிப்பு செய்யவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

என் அப்பா, துறைமுகத்துக்கு மாற்றலாகி வந்த ஒரு தமிழ் அதிகாரியின் வீட்டுச் சமையல்காரராகத் திருநெல்வேலியிலிருந்து கூடவே வந்தவர். அதிகாரி திரும்பிப் போனார், அப்பா இங்கேயே தங்கிவிட்டார். நான் கரியாஹாட் பக்கத்திலிருந்த லேபில் குப்பி கழுவுகிறவனாகச் சேர்ந்தேன். கழுவிக்கொண்டே பார்த்தேன், பார்த்தே கற்றுக்கொண்டேன். யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை. சில வருஷத்தில், எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு மிஷினை எப்படிப் பிரிப்பது என்று நான் காட்டிக்கொடுத்தேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதுவது வழக்கம். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்த மிஷின் இடுப்பளவு உயரமுள்ள ஒரு தகரப் பெட்டி. தலையில் சின்ன வீட்டுக் கூரை மாதிரி ஒரு மூடி. மோட்டார் ஓடினால் கூரைக்கு அடியில் இருக்கும் இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போகும். போகிற காற்று முதலில் ஒரு புனலுக்குள் சுழலும். அந்தச் சுழற்சியில் மணல், கரித்துணுக்கு மாதிரியான கனமான தூசியெல்லாம் கீழே ஒரு குவளையில் விழுந்துவிடும். மெல்லிய தூசி மட்டும் மேலே ஏறி, கண்ணாடி இழையில் செய்த வெள்ளைத் தாளில் படியும். மூக்கோடு நிற்பது குவளைக்கு, நெஞ்சுக்குள் போவது தாளுக்கு என்று எங்கள் தலைவர் மித்ரா சார் சொல்வார்.

அந்தத் தாளைக் கையால் தொடக்கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்கூட எடையில் காட்டும். சாமணத்தால் ஓரத்தைப் பிடித்து எடுக்க வேண்டும். ஈரம் உறிஞ்சுகிற கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு நாள் முழுக்க வைத்து, பிறகு எடை பார்க்க வேண்டும். மிஷினில் மாட்டும்போது நான்கு திருகுகளையும் குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரே பக்கமாக முறுக்கினால் மறுபக்கம் காற்று கசியும். திரும்பக் கழற்றியதும் தூசிப் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து உறையில் போட்டு, மறுபடி ஒரு நாள் குடுவை, மறுபடி எடை. இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஊர்க்காரர்கள் மூச்சில் போகிற தூசி. நான் மாட்டிய தாளில் ஓரம் கசிந்ததாக ஒரு நாளும் பேச்சு வந்தது கிடையாது.

மித்ரா சார் அதிகம் பேசமாட்டார். கொண்டுவந்த தாளைச் சாமணத்தில் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் "ஹும்" என்பார். ஓரத்தில் கசிந்த தடம் இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். மேஜைக்கு அடியில் இருக்கும் குப்பைக்கூடையைக் காலால் நம் பக்கம் மெதுவாகத் தள்ளுவார். அந்தக் கூடை தரையில் உரசுகிற சத்தத்துக்குப் பெரிய படிப்புப் படித்தவர்களே நடுங்குவார்கள்.

தபன் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தவன். என்னை "சுப்புதா" என்று, அண்ணன் என்கிற "தாதா" முறை வைத்துத்தான் கூப்பிடுவான். அவன் மாட்டிய தாள் ஒன்று கசிந்திருந்தது. கூடை அவன் பக்கம் நகர்ந்தது. நாங்கள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அவன் சிரித்துக்கொண்டே தாளை வாங்கித் தானே கூடையில் போட்டுவிட்டு, "சார், மணி ரெண்டாகப் போகுது, நீங்க இன்னும் சாப்பிடலையே" என்றான். மித்ரா சார் சிரித்துவிட்டார். அத்தனை வருஷத்தில் அவருக்கு முன்வரிசைப் பல் ஒன்று இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு கசிவுகூட இல்லாத தாளாகக் கொண்டுவந்து நீட்டியவன் நான். எனக்கு "ஹும்". கசிந்த தாள் கொண்டுவந்தவனுக்குச் சிரிப்பு. அன்று பிடித்த எரிச்சல் அது.

இனி கேஸுக்கு வருகிறேன். இப்போது கூண்டு நிற்கிற அதே ஊர்தான், ஹூக்ளி ஆறு கடலில் கலக்கிற பக்கத்தில் இருப்பது. பெயர் வேண்டாம். ஊருக்குத் தெற்கே, கடலை ஒட்டி, நிலக்கரியைத் திறந்தவெளியில் மலை மாதிரி குவித்து வைத்து அரைக்கிற ஓர் ஆலை. வடக்கே ஒரு கிராமம், முழுக்க வெற்றிலைக் கொடிக்கால். தெற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கரித்தூள் கொடிக்கால் மேல் வந்து படிகிறது என்று கிராமத்தார் புகார் கொடுத்திருந்தார்கள். சந்தையில் வெற்றிலை வாங்குகிற வியாபாரி கட்டைப் பிரித்து ஓர் இலையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பான். விரல் கறுத்தால் கட்டை ஓரமாகத் தள்ளிவிடுவான். பேரமே கிடையாது.

ஆலைக்காரர்கள், அது உங்கள் சொந்த அடுப்புப் புகை என்றார்கள். அரசாங்கம் ஒரு விசாரணைக் குழு போட்டது. காற்றை அளந்து சொல்லும் பொறுப்பு எங்கள் லேபுக்கு வந்தது. தெற்குக் காற்று துர்கா பூஜை வரைக்கும்தான். அதற்குப் பிறகு காற்று திரும்பிவிடும், கரியெல்லாம் கடலுக்குப் போகும். அதற்குள், மழை விட்டிருக்கும் நாட்களில் அளந்தாக வேண்டும். இந்த வேலை முடிந்ததும் களப்பணிக்கு ஒரு தலைவரை நியமிக்கப் போகிறேன் என்று மித்ரா சார் வேறு சொல்லியிருந்தார். நானா தபனா என்பதுதான் கேள்வி. எனக்கு அது கேள்வியாகவே படவில்லை.

இந்த வேலையில் பாதி, மாடி கிடைப்பது. மரம் மறைக்கக்கூடாது, அடுப்புப் புகை அண்டக்கூடாது, கரண்ட் இருக்க வேண்டும். கிராமத்தில் பெரும்பாலும் ஓடும் தகரமும்தான். தோதான மொட்டைமாடி ஒரே ஒரு வீட்டில் இருந்தது. மாலதி பௌதி வீடு. பௌதி என்றால் அண்ணி. இங்கே அக்கம்பக்கத்துப் பெண்களை அப்படித்தான் அழைப்பது. புருஷன் போன பிறகு கொடிக்காலை ஒற்றையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். இலை விற்காமல் திரும்பத் திரும்ப அடி. இந்த வருஷமும் இப்படியே போனால் நிலத்தை லாரி நிறுத்துமிடத்துக்காக ஆலைக்கே கொடுத்துவிடலாம் என்று கொழுந்தனார் நெருக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் அளப்பதை நம்பித்தான் அந்தக் கொடிக்கால் நின்றது.

நான் முதலில் போனேன். முறைப்படி லேப் கடிதத்தை நீட்டி, மிஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கும், எத்தனை பேர் வந்து போவோம் என்று எல்லாம் விளக்கினேன்.

"கொழுந்தனார்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று கதவைச் சாத்திவிட்டார்.

மறுநாள் தபன் போனான். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கடிதமே எடுக்கவில்லை. "பௌதி, ஒரு சொம்பு தண்ணி கிடைக்குமா?" என்றான். தண்ணீர் வந்தது. "இந்த இலை மிட்டாய் பானுக்குப் போறதா, சாதா பானுக்கா?" என்றான். அவ்வளவுதான், அந்த அம்மாள் கொடிக்காலுக்குள் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு வரிசையாகக் காட்ட ஆரம்பித்துவிட்டார். திரும்பி வரும்போது இரண்டு பேர் வாயும் சிவந்திருந்தது. மாடிச் சாவி அவன் கையில் இருந்தது.

"எப்படிடா?" என்றேன்.

"நான் ஒண்ணும் பண்ணலை சுப்புதா. அவங்கதான் பேசிட்டே இருந்தாங்க."

இது போதாதென்று, மிஷின் ஏற்றிய அன்று மத்தியானம் கொழுந்தனார் வீட்டிலிருந்து எங்களுக்குச் சாப்பாடு வந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளிகளில் யாரை ரொம்பப் பிடிக்கிறதோ அவர் தட்டில் மீன் தலையை வைப்பது இங்கே மரியாதை. தலை தபன் தட்டில் விழுந்தது. நான் சைவம். மீன் வாசனையே ஆகாது. ஆனாலும் அந்தத் தலை என் தட்டைத் தாண்டிப் போனது எனக்கு எரிந்தது.

அளவை நடந்துகொண்டிருந்த நாட்களுக்கு நடுவில் விஸ்வகர்மா பூஜை வந்தது. இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு ரிக்ஷா, தையல் மிஷின், பம்ப்செட், அச்சு மிஷின் என்று எல்லாக் கருவிக்கும் மாலை போட்டுப் பூஜை செய்வார்கள். நான் அதுவரை சேர்ந்த தாள்களைக் கல்கத்தாவில் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் கிராமத்துக்குத் திரும்பினேன். படியேறும்போதே குங்கிலியப் புகை மணத்தது. மாடிக்குப் போனால், எங்கள் மிஷின் மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது! கூரையைச் சுற்றிச் சாமந்தி மாலை. நெற்றி மாதிரி இருந்த இடத்தில் செந்தூரம். காலடியில் தூபக்கால், தேங்காய் நார் இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது.

"என்னடா இது?"

"ஊர்ல சைக்கிளுக்குக்கூடப் பூஜை நடக்குது. நம்ம மிஷின் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு சுப்புதா? பௌதிதான் ஆசைப்பட்டாங்க. இது எங்க கொடிக்காலைக் காப்பாத்த வந்த சாமின்னாங்க."

"தூபம் காட்டும்போது ஓடிக்கிட்டிருந்ததா?"

"சே! இன்னிக்கு யாராவது கருவியை ஓட விடுவாங்களா? நிறுத்தி வச்சுத்தான் பூஜை. முடிஞ்சு, தூபக்காலை அந்தக் கோடியில கொண்டு வச்சு, புகை அடங்கின பிறகுதான் திரும்பப் போட்டேன்."

"இப்போ இங்க இருக்கே?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடிதான் தாளை மாத்தணும்னு நிறுத்தினேன். பௌதி மறுபடி ஒருதரம் காட்டிட்டுப் போனாங்க."

நான் தாளைக் கழற்றினேன். அந்த மாதிரி கறுப்பை நான் அந்த ஊரில் அதுவரை பார்க்கவில்லை. தாரில் தோய்த்த மாதிரி இருந்தது. மிஷின் ஓடின நேரத்தைக் காட்டும் மீட்டரைப் பார்த்தேன். நடுவில் நின்றிருந்தது உண்மை. ஆனால் அன்று கரண்டும் போய்ப் போய் வந்திருந்தது. நின்றது பூஜைக்கா கரண்டுக்கா என்று மீட்டர் சொல்லாது. அதோடு, அளவையைப் பார்வையிட வந்த ஆலை அதிகாரி ஒருவர் மாலையும் தூபமுமாக நின்ற மிஷினைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார் என்று தெரிந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாட்டினான் என்று நினைத்தேன்.

அடுத்த வாரமே ஆலையின் கடிதம் குழுவுக்குப் போய்விட்டது, படத்தோடு. அந்தக் கறுப்பு எங்கள் கரி அல்ல, அவர்கள் ஊழியரே போட்ட குங்கிலியப் புகை என்று எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு பிடித்த மழை விடவேயில்லை. மழை விட்டபோது காற்று திரும்பியிருந்தது. அதற்கு முன் சேர்ந்த தாள்களெல்லாம் தூறலுக்கு நடுவில் எடுத்தவை, அவ்வளவாகக் கறுக்கவில்லை; எங்கள் கையில் பேசக்கூடிய தாளென்று இருந்தது அந்த ஒன்றுதான். மித்ரா சார் அதை ஜன்னலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "ஹும்" வரவில்லை, கூடையும் நகரவில்லை.

"நிறுத்தினேன்னு தபன் சொல்றான். நீ என்ன சொல்றே சுப்பையா?" என்றார்.

"நான் பார்க்கல சார்" என்றேன். ஆனால் மனசுக்குள் தீர்மானம் செய்துவிட்டேன். அவன் பொய் சொல்கிறான் என்பதை நானே நிரூபித்துக் காட்டுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காளிகாட் கடையில் குங்கிலியமும் தேங்காய் நாரும் வாங்கி, வீட்டிலிருந்த தூபக்காலையும் பையில் போட்டேன். கோமதி பார்த்துவிட்டு, "கோயிலுக்கா போறீங்க?" என்றாள்.

"லேபுக்கு."

"லேபுல என்ன பூச?"

"தபனுக்கு."

"அவனுக்குப் பூச போடுத அளவுக்கு அவன் மேல பிரியம் வந்துட்டா? நல்லாருக்கே!" என்று சிரித்தாள்.

லேபின் மொட்டைமாடியில் உபரி மிஷின் ஒன்று இருந்தது. புதுத் தாளைக் குடுவையில் வைத்து, எடை பார்த்து, முறைப்படி மாட்டினேன். எதிரியைப் பிடிக்கப் போகிறோம் என்பதற்காக முறையை விடமுடியாது. மோட்டாரை ஓடவிட்டு, கூரைக்கு நேர் அடியில் தூபக்காலை வைத்துக் குங்கிலியத்தை அள்ளி அள்ளிப் போட்டேன். புகை அப்படியே இடுக்குக்குள் இழுபட்டுப் போயிற்று. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள், "ஏன் தாதா, உங்களுக்கு மட்டும் துர்கா பூஜை இன்னும் முடியலையா?" என்று கத்தினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தாளைக் கழற்றினேன். கறுக்கவில்லை.

டீ சிந்தின வேட்டி மாதிரி பழுப்பாக இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. போதவில்லை என்று நினைத்தேன். திரும்ப வேறு தாள் மாட்டி, நாரை இன்னும் அதிகமாக வைத்து, பொட்டலத்தில் மிச்சம் இருந்த அத்தனையையும் கொட்டினேன். கண்ணெல்லாம் எரிந்து, இருமி, மூக்கில் தண்ணீர் வந்து, ஒரு வழியாகக் கழற்றினால், முன்னைவிடக் கெட்டிப் பழுப்பு. சாமண நுனியில் பிசின் மாதிரி ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனால் கோயில் வாசனை. தபனுடைய தாளோ உலர்ந்த கறுப்பு. சாமணத்தால் தொட்டால் தூளாக உதிரும். வாசனை கிடையாது.

அந்த இரண்டு தாளையும் கூடையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நான் ஞாயிற்றுக்கிழமை வந்ததே யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டும் நான் மாட்டிய தாள். ஓரத்தில் ஒரு மயிரிழை கசிவில்லை. அத்தனை சுத்தமான வேலையை என் கையால் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை. திங்கட்கிழமை மித்ரா சார் மேஜையில் வைத்தேன்.

"குங்கிலியம் சார். கறுக்க மாட்டேங்குது" என்றேன்.

அவர் இரண்டையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். பிறகு கேட்ட ஒரு கேள்வி எனக்குத் தோன்றியிருக்கவில்லை. "குவளையில என்ன விழுந்தது?"

"ஒண்ணும் விழல சார். துடைச்ச மாதிரி இருந்துச்சு."

எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு சின்னக் குப்பியைக் கொண்டுவந்து குலுக்கினார். பூஜையன்று அந்த மிஷினின் குவளையில் விழுந்தது. கறுப்புக் குருணை கரகரவென்று சத்தம் போட்டது.

"புகை குவளையில விழாது சுப்பையா. கரி விழும்" என்றார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்து, "நீ எதுக்காக இதைப் பண்ணினே?" என்று கேட்டார்.

"சும்மாதான் சார்."

"சும்மா யாரும் ஞாயிற்றுக்கிழமை வந்து மாடியில குங்கிலியம் போடமாட்டாங்க" என்றார்.

விசாரணை அந்த ஊர் அரசாங்க அலுவலகத்தில் நடந்தது. குழுவுக்குத் தலைவர் தலை நரைத்த ஓர் அம்மாள், ஓய்வுபெற்ற அதிகாரி. முன்வரிசையில் ஆலைக்காரர்களும் அவர்கள் வக்கீலும். பின்பெஞ்சில் கிராமத்தார். மாலதி பௌதியும் கொழுந்தனாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். மித்ரா சார் மூன்று தாளையும் குப்பியையும் மேஜையில் வைத்து விளக்கினார்.

வக்கீல் எழுந்தார். "இது யார் செய்த சோதனை? அதே லேப். தங்கள் ஆள் செய்த தப்பை மூடி மறைக்க, கூட வேலை செய்கிற நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தயாரித்த தாள். இதை நம்பச் சொல்கிறார்கள்."

தலைவர் அம்மாள், "யார் செய்தது?" என்றார். நான் எழுந்தேன்.

"தபன் உங்களுக்கு நண்பரா?"

அந்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. ஆமாம் என்றால் தாள் செத்தது. பின்பெஞ்சில் பௌதி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பக்கத்தில் தபன்.

"இல்ல மேடம்" என்றேன்.

"பின்னே?"

"அவனைக் கண்டா எனக்கு ஆகாது."

யாரோ சிரித்தார்கள். வக்கீல், "நன்றாகச் சொல்லிக்கொடுத்து அழைத்து வந்திருக்கிறார்கள்" என்றார்.

"யாரும் சொல்லிக்கொடுக்கல மேடம். அவன் பொய் சொல்றான்னு காட்டத்தான் நான் குங்கிலியம் போட்டேன். முதல் தாள் கறுக்கல. அதனாலதான் நம்பாம இன்னொரு தடவை போட்டேன். கறுக்கணும்னு கும்பிட்டுக்கிட்டே போட்டேன். கறுக்கல."

"உங்களுக்கு அவரைப் பிடிக்காது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்றார் அம்மாள்.

ஆதாரமா? என்னிடமா கேட்கிறார்? ஆரம்பித்தேன். கசிந்த தாளுக்கு சார் சிரித்ததைச் சொன்னேன். சார் தரையைப் பார்த்தார். நான் கடிதத்தோடு போய்க் கதவு சாத்தப்பட்டதையும், அவன் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டுச் சாவி வாங்கினதையும் சொன்னேன். பின்பெஞ்சில் பௌதி தலையில் கை வைத்துக்கொண்டார். அவன் மழையில் நனைந்து வந்தால் ஆபீசே துண்டு தேடும், நான் நனைந்து வந்தால் தரை ஈரமாகிறது என்பார்கள், அதையும் சொன்னேன். தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில் மீன் தலைக்கு வந்தேன்.

"மீன் தலையை அவன் தட்டுல வச்சாங்க மேடம். எனக்கு வைக்கல."

"நீங்கள் மீன் தலை விரும்பிச் சாப்பிடுவீர்களா?"

"நான் சைவம் மேடம். மீனே தொடமாட்டேன்."

அந்த அறை முழுக்கச் சிரித்தது. ஆலை அதிகாரியும் சிரித்தார். அம்மாள் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "போதும், உட்காருங்கள். இவர் அந்த மனிதரைக் காப்பாற்றுவதற்காகச் செய்யவில்லை என்பதில் எங்களுக்கு இனிச் சந்தேகமில்லை" என்றார். வக்கீல் அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை.

தாளை ஏற்றுக்கொண்டார்கள். கரிக் குவியலைக் கூரை போட்டு மூட வேண்டும், அரைக்கிற இடத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டும், அதுவரை தெற்குக் காற்று மாதங்களில் வேலையை நிறுத்தி வைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

வெளியே டீக்கடையில் தபன் பக்கத்தில் வந்து நின்றான். அடிப்பான் என்றுகூட நினைத்தேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "சுப்புதா, மீன் தலையை இத்தனை நாள் மனசுல வச்சிருந்தீங்களா? என் கல்யாணத்துலகூட யாரும் என்னைப் பத்தி இவ்வளவு நேரம் பேசல!" என்றான். என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தான். அன்றைக்காவது அவன் என் மேல் கோபப்பட்டிருக்கலாம். அதைக்கூட எனக்குத் தரவில்லை.

களப்பணிக்குத் தலைவனாக மித்ரா சார் தபனைத்தான் போட்டார். நான் நேராகப் போய்க் கேட்டேன்.

"ஆளுங்களைக் கட்டி மேய்க்க அவனை மாதிரி ஒருத்தன் வேணும். அவன் உள்பட எல்லாரும் கொண்டுவர்ற தாளைச் சந்தேகப்பட உன்னை மாதிரி ஒருத்தன் வேணும். உனக்கு அந்த வேலை" என்றார். அதற்குப் பிறகு நான் ரிட்டையர் ஆகிற வரைக்கும் என் பார்வைக்குத் தப்பி ஒரு தாள் அந்த லேபில் எடை மேஜைக்குப் போனதில்லை. தபனுடையதை இரண்டு தடவை பார்ப்பேன்.

அடுத்த தெற்குக் காற்றில், உத்தரவுப்படி நடந்திருக்கிறதா என்று பார்க்க அதே மாடிக்கு மிஷின் போயிற்று. தபன் அப்போது வேறு ஊரில் இருந்தான். நான் தனியாகப் போனேன். கரிக் குவியல் மேல் கூரை தெரிந்தது. கழற்றிய தாளைப் பார்க்க வேண்டும் என்று பௌதி மேலே ஏறி வந்தார். சாமணத்தில் பிடித்துக் காட்டினேன். எந்த ஊர் மாடியிலும் கிடைக்கிற சாதாரணச் சாம்பல் நிறம்.

"இதுல ஒண்ணுமே இல்லையே!" என்றார்.

"இல்லை பௌதி."

அவர் அந்த ஒன்றுமில்லாத தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கொழுந்தனாரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார். லாரி நிறுத்துமிடத்தைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே இல்லை. நான் கிளம்பும்போது கொடிக்காலுக்குள் போய் இலை பறித்து, வாழைநாரால் கட்டி, ஒரு பெரிய கட்டாகக் கொண்டுவந்தார்.

"தபன்கிட்ட கொடுத்துடு. அவன் வராததால ஒண்ணும் நல்லாவே இல்லை. பத்திரமாக் கொண்டு போ, வாடிடப் போகுது" என்றார்.

எனக்கென்று ஓர் இலைகூடத் தனியாகத் தரவில்லை. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சாந்த்ராகாச்சி ஸ்டேஷன் வருவதற்கு முன்பே பிரித்துவிட்டேன். ஓர் இலையை எடுத்துக் கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்தேன், விரலைப் பார்த்தேன், பிறகு இலையை வாயில் போட்டேன். மெல்லிய காரம், கடைசியில் ஓர் இனிப்பு. இன்னொன்று போட்டேன். ஹவுராவில் இறங்குகிற வரைக்கும் போட்டுக்கொண்டே வந்தேன். மிச்சம் இருந்ததைத்தான் தபனுக்குக் கொடுத்தேன்.